பலகையில் பௌதிகவியல், மேசையில் எஞ்சின்: உவர்மலை வார இறுதி வகுப்பு எப்படி?

திருகோணமலை உவர்மலைப் பக்கம் சனி, ஞாயிறுகளில் நடக்கும் விமானப் பராமரிப்பு அடிப்படை வகுப்பைப் பற்றிய மதிப்பீடு இது. உயர்தரம் முடித்துவிட்டு விமான மெக்கானிக் ஆக நினைக்கும் பிள்ளைகளும், கராஜில் கை பழகியபின் இந்தத் துறைக்கு மாற விரும்புகிறவர்களும் சேரலாம். பாடங்கள் இரண்டு: பௌதிகவியல், பிஸ்டன் எஞ்சின். விளக்கம் தமிழில் நடக்கிறது. கையேடுகளும் பயிற்சி வினாக்களும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தேர்வு ஆங்கிலத்தில்தான் என்பதால் அது சரியான ஏற்பாடு.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எஞ்சின் மேசையில் கழியும் நேரத்துக்காகவே இந்த வகுப்பில் சேரலாம். பலகையில் மட்டும் நடக்கிற பௌதிகவியலுக்காகச் சேர வேண்டியதில்லை. அதை எந்த ரியூட்டரியிலும் படிக்கலாம். இரண்டு பாடமும் ஒன்றோடொன்று பேசுகிற நாட்களில் வகுப்பு மிக நன்றாக இருக்கிறது. அப்படிப்பட்ட நாட்கள் பாடத்திட்டத்தில் பாதிகூட இல்லை என்பதுதான் குறை.

முதல் சில வாரங்கள் வீணாகின்றன. சீரான ஆர்முடுகல், எறியம், சாய்தளத்தில் வழுக்கும் பெட்டி என்று உயர்தரக் கடந்தகால வினாத்தாள்களையே திரும்பவும் செய்விக்கிறார்கள். எறியத்தின் வீச்சைக் கணித்து எந்த மெக்கானிக்கும் ஒரு சிலிண்டரைக் கழற்றியதில்லை. அந்த நேரத்தை முறுக்கம், உராய்வு, வெப்ப விரிவு, வாயு விதிகள், அமுக்க அலகுகள் ஆகியவற்றுக்குக் கொடுத்திருக்கலாம். எஞ்சின் முன்னால் நிற்கிறவனுக்குத் தினமும் தேவைப்படுவது இவைதான்.

பிறகு மேசைக்கு ஒரு கொன்டினென்டல் ஓ-200-ஏ வருகிறது. செஸ்னா 150இல் இருப்பது இதே எஞ்சின். சீனக்குடாவில் விமானப்படையின் பயிற்சிப் பிரிவு அந்த விமானத்தைப் பறக்கவிட்டிருப்பதால் இந்த ஊரின் வானத்துக்கு அதன் சத்தம் பழக்கமானது. வகுப்பில் இருப்பது பறக்கும் தகுதி முடிந்து, பாதி பிரித்து வைத்த எஞ்சின். அதன் தகவல் தட்டிலிருந்து பாடம் தொடங்குகிறது: சிலிண்டர் விட்டம் 4.0625 அங்குலம், பிஸ்டன் ஓட்டம் 3.875 அங்குலம், நெருக்கல் விகிதம் 7:1, நிமிடத்துக்கு 2750 சுற்றில் 100 குதிரைவலு. விட்டத்தை மாணவர்களே வேர்னியரால் அளக்கிறார்கள். பரப்பு 12.96 சதுர அங்குலம் வருகிறது. அதை ஓட்டத்தாலும் நாலு சிலிண்டராலும் பெருக்கினால் ஏறத்தாழ 201 கன அங்குலம். பெயரில் உள்ள 200 எங்கிருந்து வந்தது என்பது விளக்கம் இல்லாமலே புரிந்துவிடுகிறது.

அதே எண்களிலிருந்து முறுக்கத்துக்குப் போகிறார்கள். 100 குதிரைவலு என்பது 74.6 கிலோவாற். 2750 சுற்று என்றால் செக்கனுக்கு 288 ஆரையன். ஒன்றை மற்றதால் வகுத்தால் 259 நியூட்டன் மீற்றர். பிஸ்டனின் சராசரி வேகம் செக்கனுக்கு 9 மீற்றர் மட்டுமே. மோட்டார் சைக்கிள் 9000 சுற்று ஓடும்போது 3.3 லீற்றர் எஞ்சின் ஏன் 2750இல் நிற்கிறது என்று யாராவது கேட்பார்கள். பதில் எஞ்சினுக்குள் இல்லை, புரொப்பெல்லரின் நுனியில் இருக்கிறது. விமானத்தில் 69 அங்குல விட்டமுள்ள புரொப்பெல்லர் நேரடியாகக் கிராங்கில் பூட்டப்பட்டிருக்கும். 2750 சுற்றில் அதன் நுனி செக்கனுக்கு ஏறத்தாழ 252 மீற்றர் வேகத்தில் வெட்டுகிறது. ஒலியின் வேகம் 340ஐச் சுற்றி. சுற்றை இன்னும் கூட்டினால் நுனி ஒலி வேகத்தை நெருங்கும்; சத்தம் கூடும், இழுவிசை கூடாது. வட்ட இயக்கப் பாடத்தை இப்படி நடத்தினால் யாரும் மறக்கமாட்டார்கள்.

இந்த வகுப்பின் மிகச் சிறந்த பகுதி திருகோணமலைக் காற்றை வைத்தே வாயு விதியைக் கற்பிப்பது. எஞ்சின் கையேடுகளில் உள்ள வலு எண்கள் கடல் மட்டம், 15 பாகை செல்சியஸ் என்ற நியம வளிமண்டலத்துக்கானவை. கச்சான் வீசும் மாதங்களில் இங்கே நிழலிலேயே 35 பாகை வரும். தனிவெப்பநிலையில் 288ஐ 308 ஆல் வகுத்தால் 0.935. அதாவது அமுக்கம் மாறாமலே காற்றின் அடர்த்தி ஆறரை வீதம் குறைந்துவிட்டது. ஒரு பாகைக்கு 120 அடி என்ற நடைமுறைக் கணக்கில், கடற்கரையில் நிற்கும் விமானம் 2400 அடி உயரத்தில் நிற்பதுபோல நடந்துகொள்ளும். ஈரப்பதனும் சேர்கிறது. 30 பாகையில் சார்ஈரப்பதன் 80 வீதம் என்றால் நீராவியின் அமுக்கம் சுமார் 34 மில்லிபார். சிலிண்டருக்குள் போகும் காற்றில் மூன்று வீதத்துக்கு மேல் எரிதலுக்கு உதவாத நீராவி. இவ்வளவையும் மாணவர்களே கணித்தபின் ஆசிரியர் மிக்ஸ்சர் நெம்பைத் தொடுகிறார். காற்றின் திணிவு குறைந்து எரிபொருள் அப்படியே போனால் கலவை தடிக்கிறது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

அதோடு நிறுத்தியிருக்கக் கூடாது. அடுத்த படி இன்னும் முக்கியமானது, அது விடுபட்டிருக்கிறது. வெப்ப மாற்றமின்றி 7:1க்கு நெருக்கும்போது தனிவெப்பநிலை ஏறத்தாழ 2.18 மடங்காகிறது. 15 பாகையில் உள்ளே போன காற்று இலட்சியக் கணக்கில் 354 பாகைக்கு ஏறும். 35 பாகையில் போனது 398க்கு ஏறும். உள்ளே போகும்போது இருந்த 20 பாகை வித்தியாசம் தீப்பொறி விழும் நேரத்தில் 44 பாகையாக வளர்ந்துவிட்டது. வெப்பமான ஊரில் டெற்றனேஷன் எல்லை ஏன் நெருங்கி வருகிறது, காபரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் காபரேட்டர் ஹீற்றைத் திறந்தபடி முழு வலு ஏன் எடுக்கக் கூடாது என்பதெல்லாம் இந்த ஒரு வரியில் இருக்கின்றன. வகுப்பில் டெற்றனேஷனையும் பிரீஇக்னிஷனையும் ஒரே மூச்சில் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். முதலாவதில் தீப்பொறிக்குப் பிறகு, எரியாமல் மிஞ்சிய கலவை ஒரே நேரத்தில் வெடிக்கிறது. இரண்டாவதில் தீப்பொறிக்கு முன்பே, செஞ்சூடான கரித்துண்டோ வெடித்த பிளக் பீங்கானோ கலவையைப் பற்றவைக்கிறது. ஒன்று மற்றதைக் கிளப்பிவிடக்கூடும் என்பதால் குழப்பம் வருவது இயல்பு. ஆனால் தேர்விலும் பழுது தேடும்போதும் இரண்டையும் பிரித்தறியாமல் முடியாது.

காபரேட்டர் உறைபனியை நன்றாகவே சொல்லித்தருகிறார்கள். மேசையில் வெட்டித் திறந்த மாவெல்-ஷெப்லர் காபரேட்டர் ஒன்று இருக்கிறது. அதன் ஒடுங்கிய கழுத்தான வென்சூரியில் அமுக்கம் விழுவதையும், பெற்றோல் ஆவியாகும்போது மறைவெப்பத்தை எடுப்பதையும் சேர்த்துப் பார்த்தால் வெப்பநிலை 35 பாகை அளவுக்குக் குறையக்கூடும். வெளியே 30 பாகை என்றாலும் த்ரொட்டில் தட்டில் பனி பிடிக்க அது போதும், குறிப்பாக வலுவைக் குறைத்து இறங்கும்போது. இந்த ஊரில் பனியா என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைக்காது.

முறுக்கத்தை அளந்து இறுக்கும் டோர்க் ரெஞ்ச் அமர்வு ஒரு நாள் முழுவதும் போகிறது. அதற்கு அவ்வளவு நேரம் தேவை. லைக்கொமிங் ஓ-320 சிலிண்டரின் அடி நட்டுகளை உதாரணமாக எடுக்கிறார்கள். ⅜ அங்குல நட்டுக்கு 300 அங்குல இறாத்தல், ½ அங்குல நட்டுக்கு 600. சிலிண்டர் துடுப்புகளின் அடியில் நேராகச் சொக்கெற் போகாததால், ரெஞ்சின் முன்னால் ஒரு நீட்டிப்புத் துண்டு போட வேண்டும். ரெஞ்சின் பிடி மையத்திலிருந்து சதுர முனைவரை 10 அங்குலம், நீட்டிப்பு அதே நேர்கோட்டில் 2 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நட்டுக்கு 300 போக வேண்டுமானால் அளவியில் 300 × 10 ÷ 12, அதாவது 250தான் காட்ட வேண்டும். அளவியில் 300 வரும்வரை இழுத்தால் நட்டில் 360 விழுந்திருக்கும். இருபது வீதம் அதிகம். நீட்டிப்பை ரெஞ்சுக்குச் செங்குத்தாகத் திருப்பிப் போட்டால் திருத்தம் தேவையில்லை. இந்தக் கடைசி விஷயத்தை மாணவர்கள் இரண்டு ரெஞ்சுகளை எதிரெதிராகப் பூட்டித் தாங்களே சோதித்துப் பார்க்கிறார்கள். அருமையான பயிற்சி.

அலகுக் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறார்கள். கையேட்டின் ஒரு பக்கம் அங்குல இறாத்தல், மறுபக்கம் அடி இறாத்தல், ரெஞ்சில் நியூட்டன் மீற்றர் என்று மூன்றும் கலந்துதான் வரும். 25 அடி இறாத்தல், 300 அங்குல இறாத்தல், 33.9 நியூட்டன் மீற்றர் மூன்றும் ஒன்றே. அங்குலத்தை அடி என்று வாசித்தால் பன்னிரண்டு மடங்கு. நட்டு ஏறும் புரித்தண்டான தறை அங்கேயே முறியும். முறிந்தால் நல்லது என்றுகூடச் சொல்லலாம், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும். இருபது வீதப் பிழை கண்ணுக்குத் தெரியாது.

உராய்வைப் பற்றி அவர்கள் சொல்வது சரி, ஆனால் எண் போதாது. நாம் கொடுக்கும் முறுக்கத்தில் பத்தில் ஒரு பங்குபோலத்தான் தறையை இழுத்துப் பிடிக்கும் விசையாகிறது. மீதி நட்டின் அடியிலும் புரியிலும் உராய்வாகப் போய்விடுகிறது. உலர்ந்த ⅜ அங்குலப் புரியில் 300 அங்குல இறாத்தல் ஏறத்தாழ 4000 இறாத்தல் பிடிவிசை தரும் என்றால், ஒயில் பூசிய புரியில் அதே முறுக்கம் 5300ஐத் தொடும். ஆகவே எந்த ஒயிலைப் பூச வேண்டும் என்று கையேடு சொல்வது முறுக்க எண்ணோடு சேர்ந்தே வருகிற நிபந்தனை. லைக்கொமிங் இந்த நட்டுகளுக்குப் பூசுபொருளின் கலவை விகிதத்தையே எழுதியிருக்கிறது. வகுப்பில் கையில் அகப்பட்ட ஒயிலைப் பூசினார்கள். பயிற்சிக்குப் பரவாயில்லை என்று சொல்லக்கூடும். பழகும் நாளில் பிடித்த பழக்கம் ஹங்கருக்குள்ளும் கூடவே வரும்.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். சிலிண்டரைப் பிடிக்கும் நீண்ட தறைகள் கிராங்க் கேஸின் இரண்டு பாதிகளையும், அவற்றின் நடுவிலுள்ள பிரதான பெயரிங்குகளையும் சேர்த்தே நெருக்குகின்றன. சிலிண்டர் கழன்றதும் அந்த நெருக்கம் போய்விடுகிறது. அந்த நிலையில் கிராங்கைச் சுற்றினால் பெயரிங் ஓடு இடம் மாறி ஒயில் துளை மூடிப்போகலாம். அதனால்தான் சிலிண்டர் இல்லாத இடத்தில் பிடிப்புத் தட்டு போட்டு, கையேட்டு அளவுக்கு இறுக்கிய பிறகே கிராங்கைச் சுற்ற வேண்டும். வகுப்பில் தட்டு இல்லாமலே பிஸ்டனின் நாலு ஓட்டங்களையும் காட்டக் கிராங்கைச் சுற்றினார்கள். அந்த எஞ்சின் இனிப் பறக்காது என்பது உண்மைதான். ஆனாலும் ஏன் இங்கே மட்டும் இப்படிச் செய்கிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

வெப்ப விரிவுக்குச் சிலிண்டரின் உட்சுவரையே உதாரணமாக எடுக்கிறார்கள். உருக்குச் சிலிண்டரின் மேல்பகுதி அடிப்பகுதியைவிடச் சில ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் ஒடுக்கமாகக் கடையப்பட்டிருக்கும். உருக்கின் நீட்டற் குணகம் பாகைக்குப் பத்து இலட்சத்தில் 12 பங்கு. 130 மில்லிமீற்றர் விட்டத்தில் மேலும் கீழும் 100 பாகை வித்தியாசம் வந்தால், மேல்பகுதி 0.16 மில்லிமீற்றர் அதிகம் விரியும். எஞ்சின் சூடேறியதும் சுவர் நேராகிவிடுகிறது. குளிர்ந்த சிலிண்டரை அளந்து தேய்மானம் என்று தவறாக எழுதாமலிருக்க இது தெரிந்திருக்க வேண்டும்.

சிலிண்டர் காற்றை எவ்வளவு கசியவிடுகிறது என்று பார்க்கும் டிஃபரென்ஷியல் கொம்ப்ரெஷன் சோதனை வகுப்பின் உச்சம் என்று விளம்பரம் செய்கிறார்கள். செய்முறை சரியாகத்தான் இருக்கிறது: பிஸ்டனை நெருக்கல் ஓட்டத்தின் மேல்முனைக்குக் கொண்டுவந்து, பிளக் துளை வழியாக 80 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 80 இறாத்தல்) காற்றைக் கொடுத்து, இரண்டாவது மானியில் எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பது. காற்று எங்கே கசிகிறது என்பதைக் காது சொல்லும். புகைக்குழாயில் சீறினால் வெளியேற்று வால்வு. காபரேட்டர் வாயில் சீறினால் உள்ளெடு வால்வு. ஒயில் ஊற்றும் துளையில் சீறினால் பிஸ்டன் றிங். ஒவ்வொரு மாணவனையும் மூன்று இடத்திலும் காது வைக்கச் செய்தது பாராட்டுக்குரியது.

ஆனால் சோதனைக் கருவி ஐயத்துக்குரியது. இந்தச் சோதனையின் உயிர் இரண்டு மானிகளுக்கும் நடுவே உள்ள சிறு துளை. ஓ-200 அளவுள்ள சிலிண்டருக்கு அந்தத் துளை 0.040 அங்குலம், ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர். துளை பெரிதாக இருந்தால் கசியும் காற்றுக்கு ஈடாக உள்ளே அதிகக் காற்று ஓடிவரும். இரண்டாவது மானி உயர்ந்தே நிற்கும். கெட்ட சிலிண்டர் நல்லதாகத் தோன்றும். வகுப்பில் உள்ள கருவியில் துளையின் அளவு எங்கும் பொறிக்கப்படவில்லை. அது கார் வேலைக்கான கருவிபோலவே தெரிகிறது. கொன்டினென்டல் எஞ்சினுக்கு மாஸ்டர் ஓரிபிஸ் என்ற அளவுத் துளையைப் பூட்டி அன்றைய ஏற்கத்தக்க கீழெல்லையை முதலில் கண்டுகொள்ள வேண்டும். அதன் பிறகே சிலிண்டர். சிலிண்டருக்குள் பொரஸ்கோப் என்ற உட்பார்வைக் கருவியை விட்டு வால்வைப் பார்ப்பதையும் அதே நிறுவனம் இந்தச் சோதனையோடு சேர்த்தே கேட்கிறது. வகுப்பில் இரண்டும் இல்லை. 80க்கு 60 என்ற பழைய எல்லையை எல்லா எஞ்சினுக்கும் பொதுவாகச் சொன்னதும் தவறு. லைக்கொமிங்கில் 65க்குக் கீழே போனாலே மறுபடி சோதிக்கச் சொல்வார்கள். குறைவாகக் காட்டிய சிலிண்டரை உடனே கழற்றாமல், எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி இன்னொருமுறை பார்ப்பதுதான் முறை. றிங் இடைவெளிகள் ஒரே கோட்டில் வந்திருக்கலாம், வால்வு இருக்கையில் கரித்தூள் சிக்கியிருக்கலாம்.

பாதுகாப்பில்தான் எங்களுக்குப் பெரிய மனக்குறை. 80 பிஎஸ்ஐ என்பது கேட்கச் சிறிய எண். ஓ-200 பிஸ்டனின் 12.96 சதுர அங்குலத்தில் அது 1037 இறாத்தல், ஏறத்தாழ 470 கிலோ எடையின் விசை. பிஸ்டன் மிகச் சரியாக மேல்முனையில் நிற்கும்வரை அந்த விசை கிராங்கைத் திருப்பாது, ஏனென்றால் நெம்புகரம் பூச்சியம். கிராங்க் 10 பாகை விலகினால் குறைந்தது 40 நியூட்டன் மீற்றர் வரும். புரொப்பெல்லரின் நுனிப்பக்கம் பிடித்திருப்பவர் ஒரு கையால் தாங்கிவிடலாம். 30 பாகை விலகினால் 113க்கு மேல். 90 பாகையில் 227ஐத் தொடும். பிடித்து நிறுத்துவது மிகக் கடினம். பிடி நழுவினால் புரொப்பெல்லர் சுழன்று அடிக்கும். ஆகவே ஒருவர் புரொப்பெல்லரை உறுதியாகப் பிடித்து, சுழலும் பாதைக்கு வெளியே உடம்பை வைத்திருக்க வேண்டும். மற்றவர் முதலில் சிறிய அமுக்கம் கொடுத்து மேல்முனையைக் கண்டபிறகே 80க்கு ஏற்ற வேண்டும். வகுப்பு எஞ்சினில் புரொப்பெல்லர் இல்லாததால் இந்தப் பாடம் முழுவதுமே விடுபட்டுப்போனது. முறுக்கம் என்ற அத்தியாயத்துக்கு இதைவிடப் பொருத்தமான கணக்கு எங்கே கிடைக்கும்? பலகையில் அரை மணி நேரம் போதும்.

பிளக்குகளுக்குத் தீப்பொறி மின்சாரம் தரும் மக்னீற்றோவைத் திரையில் மட்டுமே காட்டுகிறார்கள். அது போதாது. ஓ-320இல் தீப்பொறி மேல்முனைக்கு 25 பாகை முன்னால் விழுகிறது. 2700 சுற்றில் அந்த 25 பாகை 1.5 மில்லிசெக்கன்தான், தீ பரவி அமுக்கம் உச்சத்துக்கு வர அந்த நேரம் தேவை. ஸ்டார்ட் செய்யும்போது சுற்று நூறைச் சுற்றி இருக்கும். அதே 25 பாகை 42 மில்லிசெக்கனாக நீளும். பிஸ்டன் மேலே வருமுன் அமுக்கம் ஏறி எஞ்சின் பின்னால் உதைக்கும். அதைத் தவிர்க்கத்தான் இம்பல்ஸ் கப்ளிங் தீப்பொறியைத் தாமதப்படுத்துகிறது. புரொப்பெல்லரை மெல்லச் சுற்றும்போது கேட்கும் டக் என்ற ஒலி அதனுடையது. சுவிட்சை அணைத்தால் மக்னீற்றோவின் முதன்மைச் சுருள் பி-லீட் கம்பி வழியாக நிலத்தோடு சேர்கிறது. கம்பி அறுந்தால் சுவிட்ச் அணைந்திருந்தும் மக்னீற்றோ உயிரோடுதான் இருக்கும். செஸ்னா 150இல் 1700 சுற்றில் ஒரு மக்னீற்றோவை நிறுத்தினால் சுற்று விழ வேண்டும். 150க்கு மேல் விழக் கூடாது, இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் 75ஐத் தாண்டக் கூடாது. சுற்று விழவே இல்லை என்றால் மாணவர்கள் மகிழ்ந்துவிடுகிறார்கள். அறுந்த பி-லீட்டையோ முந்திப்போன ரைமிங்கையோ சந்தேகிக்க வேண்டிய இடம் அது. கையில் ஒரு பழைய மக்னீற்றோவும் ரைமிங் விளக்கும் இருந்தால் இவ்வளவையும் ஒரு பிற்பகலில் பழக்கிவிடலாம்.

ஸ்பார்க் பிளக் பகுதி சுருக்கமானது, குறை இல்லை. இடைவெளி, புதிய செம்பு வளையம், லைக்கொமிங்கில் 420 அங்குல இறாத்தல், கீழே விழுந்த பிளக்கை மறுபடி போடாமல் எறிவது, மேலும் கீழுமாக மாற்றிப் பூட்டுவது எல்லாம் வருகின்றன.

மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஊரில் துருவைப் பற்றி ஒரு மணி நேரமாவது பேசாமல் எஞ்சின் வகுப்பு நடத்துவது எங்களுக்குப் புரியவில்லை. ஒரு கிலோ பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ 1.4 கிலோ நீர் உண்டாகிறது. மணிக்கு 20 லீற்றர் குடிக்கும் ஓ-200 ஒரு மணி நேரத்தில் சுமார் 20 கிலோ நீராவியைக் கக்குகிறது. அதில் ஒரு சிறு பங்கு றிங்குகளைத் தாண்டிக் கிராங்க் கேஸுக்குள் இறங்கி ஒயிலில் கலக்கிறது. ஒயில் 75 பாகைக்கு மேல் ஏறி அங்கே கொஞ்ச நேரம் நின்றால்தான் அந்த நீர் ஆவியாகி வெளியேறும். தரையில் ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தினால் நீர் உள்ளேயே தங்கும், ஓட்டாமலே விட்டிருக்கலாம். புரொப்பெல்லரைக் கையால் சுற்றிவைப்பதும் உதவாது. சுவரில் மிச்சமிருந்த ஒயில் படலத்தை றிங் வழித்துவிடுகிறது. லைக்கொமிங்கில் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ற் கிராங்குக்கு மேலே இருப்பதால் ஒயில் வடிந்து முதலில் காய்வது அதுதான். துருப்புள்ளி விழுந்த கேமும் அது தள்ளும் தப்பெற்றும் சில பத்து மணி நேரப் பறப்பிலேயே செதில் உதிர்க்கத் தொடங்கலாம். கொன்டினென்டலில் கேம் கிராங்குக்குக் கீழே. அந்த அளவில் அதற்குக் கொஞ்சம் பாதுகாப்பு உண்டு. வாடைக்காற்றுக் காலத்தில் பல வாரம் பறக்காமல் நிற்கப்போகும் எஞ்சினுக்குப் பாதுகாப்பு ஒயில், பிளக் துளைகளில் ஈரமுறிஞ்சிச் செருகிகள், புகைக்குழாய்க்கும் கிராங்க் கேஸின் மூச்சுக்குழாயான பிரீதருக்கும் மூடி ஆகியவை வேண்டும். வகுப்பு எஞ்சினே யன்னலுக்குப் பக்கத்தில் மூடாமல் கிடக்கிறது. ரொக்கர் தண்டுகளில் செம்புள்ளிகள் வந்துவிட்டன. அதையே பாடமாக எடுத்திருக்கலாம்.

சிலிண்டர்கள் வட்டமாக நிற்கும் ரேடியல் எஞ்சின் ஒரு ஸ்லைட்டோடு முடிகிறது. சீனக்குடாவில் பிரி-6 பயிற்சி விமானங்கள் ஒன்பது சிலிண்டர் ரேடியலோடுதான் பறந்தன என்பதால் இன்னும் கொஞ்சம் எதிர்பார்த்தோம். 720 பாகையை ஒன்பதால் வகுத்தால் 80. சிலிண்டர்கள் 40 பாகை இடைவெளியில் நிற்கின்றன. ஆகவே ஒன்றுவிட்டு ஒன்றாக 1-3-5-7-9-2-4-6-8 என்று தீ விழும். கீழ்ச் சிலிண்டர்களில் ஒயில் தேங்கி நிற்பதையும் சொல்ல வேண்டும். திரவத்தை நெருக்க முடியாது என்ற பௌதிகவியல் இங்கே பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கொன்றொட்டை வளைத்துவிடும். ஸ்டார்ட்டரைத் தொடுமுன் புரொப்பெல்லரைக் கையால் சுற்றிப் பார்ப்பதும், தடைபட்டால் பின்னால் சுற்றாமல் கீழ்ச் சிலிண்டர்களின் பிளக்கைக் கழற்றி ஒயிலை வடிப்பதும் கட்டாயம். பின்னால் சுற்றினால் ஒயில் உள்ளெடு குழாய்க்குள் போய்க் காத்திருந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் திரும்ப உள்ளே வரும்.

தேர்வுப் பக்கம் எப்படி என்று கேட்கிறவர்களுக்கு: வகுப்பு பின்பற்றுவது ஐரோப்பாவின் விமானப் பராமரிப்பு உரிம விதியான பகுதி 66இன் பாடத்திட்டம். அதில் பௌதிகவியல் 2ஆம் பிரிவு, பிஸ்டன் எஞ்சின் 16ஆம் பிரிவு, புரொப்பெல்லர் 17ஆம் பிரிவு. பி1 உரிம நிலைக்கு 2ஆம் பிரிவில் 65 நிமிடத்தில் 52 வினா, 16ஆம் பிரிவில் 90 நிமிடத்தில் 72 வினா. ஒவ்வொன்றுக்கும் மூன்று விடைகள், சித்திக்கு 75 வீதம். 52இல் 39, 72இல் 54 சரியாக இருக்க வேண்டும். வினாவுக்கு 75 செக்கன் என்பதால் மனக்கணக்கு வேகம் தேவை. வாராந்த மாதிரித் தாள்கள் அதற்கு நன்றாகப் பழக்குகின்றன. ஆனால் இந்த வகுப்பின் சான்றிதழ் உரிமம் அல்ல, அங்கீகரித்த பயிற்சி நிறுவனத்தின் சான்றிதழும் அல்ல. பகுதி 66இன்படி பிஸ்டன் விமானங்களுக்கான பி1.2 உரிமத்துக்கு, முன்பயிற்சி இல்லாதவருக்கு மூன்று வருட விமானப் பராமரிப்பு அனுபவம் வேண்டும். அங்கீகரித்த அடிப்படைப் பயிற்சி முடித்தவருக்கு ஒரு வருடம். இலங்கையில் உரிமம் தருவது சிவில் விமான சேவைகள் அதிகார சபை. நடைமுறையிலுள்ள விதிகளை அங்கேயே கேட்டு உறுதிப்படுத்துங்கள். வரவேற்பு மேசையில் சொல்வதை மட்டும் நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

யாருக்கு ஏற்றது? உயர்தரத்தில் பௌதிகவியல் படித்து, ஸ்பனரைப் பிடித்தே பழகாத பிள்ளைக்கு மிக நல்லது. முதல் வாரங்களைப் பொறுத்துக்கொண்டால் சரி. கராஜ் அனுபவம் உள்ளவருக்கு அந்த வாரங்கள்தான் கடினம், ஆனால் அவருக்குத் தேவையானதும் பௌதிகவியல்தான். வாயு விதியையும் முறுக்கத்தையும் வீட்டில் முன்கூட்டியே பார்த்துக்கொண்டு போகலாம். ஏற்கெனவே ஹங்கரில் வேலை செய்கிறவருக்கு மாதிரித் தாள்களைத் தவிர இங்கே அதிகம் இல்லை.

பணம் கட்டுமுன் நாலு விஷயம் கேளுங்கள். டோர்க் ரெஞ்ச் கடைசியாக எப்போது அளவுதிருத்தப்பட்டது, ஒட்டு இருக்கிறதா? கொம்ப்ரெஷன் கருவியின் துளை எத்தனை அங்குலம்? மக்னீற்றோவைக் கையில் தருவார்களா? எஞ்சின் மேசையில் ஒரு நேரத்தில் எத்தனை பேர்? கடைசிக் கேள்விக்கு ஆறு பேருக்கு மேல் என்று பதில் வந்தால் ஞாயிறு பிற்பகல் பிரிவைக் கேட்டுப் பாருங்கள். அதில் கூட்டம் குறைவு, எஞ்சின் மேசையும் அந்த நேரத்தில்தான் அதிகம் திறந்திருக்கிறது.